மாமனாரைப் பாலிசியிலிருந்து நீக்கலாமா?

கேள்வி: ஐயா, நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு வயது 41. அச்சகம் நடத்தும் என் கணவருக்கு 46. இரண்டு பிள்ளைகள். 66 வயது மாமனாரும் 61 வயது மாமியாரும் எங்களுடன் இருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் ஆறு பேருக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய்க்கு ஒரே ஃபேமிலி ஃபுளோட்டர் பாலிசி எடுத்தோம். அப்போது பிரீமியம் 29,500 ரூபாய். போன பிப்ரவரியில் 71,400 கட்டினோம். வரும் பிப்ரவரி 18-ஆம் தேதிக்குள் 84,600 கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. ஜி.எஸ்.டி.யை எடுத்துவிட்டார்கள், குறையும் என்று நம்பியிருந்தோம். 2022-இல் மாமனாருக்கு ஸ்டென்ட் வைத்தபோது 2,40,000 ரூபாய் கிளெய்ம் வாங்கினோம். அதற்காகத்தான் ஏற்றுகிறார்களா? வேறு நிறுவனத்தில் 58,000-க்கு முடித்துத் தருகிறேன், ஸ்டென்ட் பற்றியும் உங்கள் கணவர் ஓராண்டாகச் சாப்பிடும் பி.பி. மாத்திரை பற்றியும் விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். பாலிசியே வேண்டாம், அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைப்போம் என்கிறார் என் கணவர். "என்னை அதிலிருந்து எடுத்துவிடு அம்மா, நான் வாழ வேண்டியதை வாழ்ந்துவிட்டேன்" என்கிறார் மாமனார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்தின் கிளெய்ம் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பிரீமியம் கட்ட முடியாத வீட்டில் முதலில் "என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்பவர் எப்போதும் அந்த வீட்டின் மூத்தவர்தான். உங்கள் மாமனாரை எடுக்க வேண்டாம். பாலிசியையும் விட வேண்டாம். ஆனால் இப்போது இருக்கிற வடிவத்திலேயே அதைத் தொடரவும் வேண்டாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். போன ஆண்டு நீங்கள் கட்டிய 71,400 ரூபாயில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடங்கியிருந்தது. அதைக் கழித்தால் நிறுவனத்துக்குப் போனது ஏறத்தாழ 60,500. தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆகவே இந்த 84,600 முழுவதும் நிறுவனத்துக்கே போகிறது. பார்வைக்குச் சுமார் 18 சதவீதம் ஏறியதுபோலத் தெரிந்தாலும் உண்மையான ஏற்றம் 40 சதவீதம். வரிவிலக்கால் வந்த நிம்மதியை ஒரே கடிதத்தில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். உங்கள் கோபம் முற்றிலும் நியாயமானது.

கிளெய்ம் வாங்கியதற்காக ஏற்றினார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஏற்ற விதி இடம் தரவில்லை. ஒருவர் கிளெய்ம் வாங்கினார் என்பதற்காக அவருடைய புதுப்பிப்பு பிரீமியத்தை மட்டும் உயர்த்தக் கூடாது. புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. கிளெய்ம் வாங்காத ஆண்டுகளுக்காகச் சேரும் போனஸ் குறையலாம், அவ்வளவுதான். அந்த 2,40,000 ரூபாய் உங்கள் உரிமை. அதை வாங்கியதற்காக வீட்டில் யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

பிறகு ஏன் ஏறியது? இரண்டு காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. ஃபுளோட்டர் பாலிசியில் குடும்பத்தில் மூத்தவரின் வயதே பிரீமியத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பல நிறுவனங்களில் 61 முதல் 65 வரை ஒரு வயதுப் பிரிவு, 66 முதல் 70 வரை அடுத்தது. உங்கள் மாமனார் இந்த ஆண்டு அந்தப் படியைத் தாண்டியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கும் நீங்கள் 66 வயதுக்காரரின் கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது காரணம், நிறுவனம் அந்தத் திட்டத்தின் அடிப்படைக் கட்டணத்தையே எல்லோருக்கும் உயர்த்தியிருக்கலாம்.

இந்த இரண்டில் எது எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். சும்மா தெரிந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமென்றால் முன்கூட்டியே தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரி 30 அன்று உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் இருவர் அந்த வயதினர். அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, ஏற்றத்தைப் பிரித்துக் காட்டும்படி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதலாம். கிளெய்ம் தகராறுகளை மட்டும் விசாரிக்கிற இடம் அது என்று பலரும் நினைக்கிறார்கள். பிரீமியம் குறித்த புகாரையும் அங்கே கொண்டுபோகலாம். கட்டணம் கிடையாது. வக்கீலும் தேவையில்லை.

ஏன் ஆண்டுதோறும் இப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது உங்கள் வீட்டோடு முடியும் துயரமில்லை. தனியார் மருத்துவமனைகள் அறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று உச்சவரம்பு வைக்க நம் நாட்டில் ஒழுங்குமுறை ஆணையம் இல்லை. காப்பீட்டுக்கு ஓர் ஆணையம் இருக்கிறது; காப்பீடு எதற்குப் பணம் தருகிறதோ அதற்கு இல்லை. விலைக்குக் கடிவாளம் போட முடியாது என்று சொல்பவர்களுக்கு ஸ்டென்ட்டையே உதாரணம் காட்டுவேன். ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாயாக வரையறுத்தது. அதனால் இதய மருத்துவமனைகள் மூடப்பட்டுவிடவில்லை.

காப்பீட்டு நிறுவனங்களும் தூய கைகளோடு நிற்கவில்லை. மருத்துவக் காப்பீடு மட்டுமே நடத்தும் நிறுவனங்கள் 2023-24-இல் தாங்கள் ஈட்டிய 100 ரூபாய் பிரீமியத்தில் ஏறத்தாழ 65 ரூபாயைத்தான் கிளெய்மாகக் கொடுத்தன. நிர்வாகச் செலவுக்கும் கமிஷனுக்கும் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை அவை செலவிடலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அரசு நிறுவனங்களில் கிளெய்ம் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. அவற்றின் சுமையில் பெரும்பங்கு தொழிலாளர்களுக்கான குழுக் காப்பீடு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் நூற்றுக்கு முப்பத்தைந்து என்ற அந்த அளவு எனக்கு எப்போதும் உறுத்துகிறது.

இனி ஏஜென்ட் சொன்னது. சகோதரி, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல அனுமதியுங்கள். ஸ்டென்ட்டை மறைத்து எடுக்கும் பாலிசி வெறும் காகிதம். நான் பணியில் இருந்தபோது டெல்டா மாவட்டத்திலிருந்து ஒரு பைபாஸ் கிளெய்ம் வந்தது. விண்ணப்பத்தில் 'இரத்த அழுத்தம் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, பத்து ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்று மருத்துவர் குறித்திருந்தார். விண்ணப்பத்தை நிரப்பியது ஏஜென்ட். கையெழுத்து மட்டும்தான் நோயாளியுடையது. அவருடைய மனைவி இரண்டு முறை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இரண்டாவது முறை நகையை அடகு வைத்த ரசீதையும் எடுத்து வந்து மேசையில் வைத்தார். மறுப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான். விதிப்படி சரியாகவே செய்தேன். ஆனாலும் அந்தப் பச்சை நிற ரசீது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று அந்த ஏஜென்ட் அங்கே வரவில்லை.

உங்கள் பாலிசிக்கு வரும் பிப்ரவரியில் எட்டு வயது நிறைகிறது. அதன் மதிப்பு உங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் ஓடிய பாலிசியில், நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டீர்கள் என்று காரணம் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். முன்பு எட்டு ஆண்டுகளாக இருந்ததை 2024-இல் ஐந்தாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் கிளெய்ம் தராத தொடக்க ஆண்டுகளான காத்திருப்புக் காலத்தையும் நீங்கள் முடித்துவிட்டீர்கள். ஸ்டென்ட் வைத்த 66 வயதுக்காரருக்கு இப்படியொரு பாலிசி கையில் இருப்பது பெரிய பாதுகாப்பு. புதிதாகப் போய்க் கேட்டால் பல நிறுவனங்கள் அவரைச் சேர்க்கவே தயங்கும்.

உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஒதுக்கவில்லை. 84,600 ரூபாயை ஆண்டுதோறும் வங்கியில் போட்டால் பத்து ஆண்டில் வட்டி இல்லாமலே 8,46,000 சேரும். அதுவரை நோய் காத்திருக்குமானால் அது நல்ல திட்டம். முதல் ஆண்டிலேயே ஐ.சி.யு.வில் பத்து நாள் படுக்க நேர்ந்தால் கையில் இருப்பது 84,600தான். சேமிப்பு அவசியம், பாலிசிக்குப் பக்கத்தில். எங்கே என்று சொல்கிறேன்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஃபுளோட்டரை இரண்டாகப் பிரிப்பேன். நீங்கள் நால்வரும் ஒரு பாலிசி, மாமனாரும் மாமியாரும் இன்னொரு பாலிசி. பெரியவர்களின் பாலிசி இப்போதைய நிறுவனத்திலேயே, முடித்த காத்திருப்புக் காலமும் எட்டு ஆண்டுத் தொடர்ச்சியும் கெடாமல் இருக்கட்டும். பிரிக்கும்போது அந்தத் தொடர்ச்சி இருவருக்கும் உண்டு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நால்வரின் பாலிசிக்கு இதே நிறுவனத்தில் விலை கேளுங்கள், வேறு இரண்டு நிறுவனங்களிலும் கேளுங்கள். 46 வயது மூத்தவராக இருக்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு இன்றைய நிலையில் 25,000 முதல் 35,000 ரூபாய்க்குள் பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. வேறு நிறுவனத்துக்குப் போவதென்றால் புதுப் பாலிசியாக எடுக்காமல் போர்ட்டபிலிட்டி முறையில் மாறுங்கள். பழைய ஆண்டுகளும் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பது நல்லது. உங்களுக்கு அது ஜனவரி 4. விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், கணவரின் பி.பி. மாத்திரையை அதன் பெயரோடு எழுதுங்கள். புதிய நிறுவனம் ஏற்றுக்கொண்டதாக உறுதி வரும்வரை பழையதை விடாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரித்த உடனே மொத்தத் தொகை பெரிதாகக் குறைந்துவிடாது. பெரியவர்கள் இருவருக்கும் தனியாக எடுக்கும்போது அவர்கள் பங்கு கூடுதலாகத் தெரியும். இரண்டு விலைகளையும் கையில் வைத்துக்கொண்டு கூட்டிப் பாருங்கள். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: மாமனார் 71-ஐத் தொடும்போது ஏறப்போகும் படி உங்களையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகாது. இன்னொன்று, கோ-பே என்ற பங்குச் செலவு நிபந்தனையைப் பெரியவர்களின் பாலிசியில் மட்டும் சேர்க்க முடியும். 20 சதவீதக் கோ-பே என்றால், 3 லட்சம் ரூபாய் பில்லில் 60,000 உங்களுடையது. அதற்கு ஈடாகப் பிரீமியம் குறையும். உங்கள் கணவர் சொன்ன வங்கிச் சேமிப்பு இந்த 60,000-க்குத்தான். மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென்றே ஒதுக்கி வையுங்கள்.

பிரீமியத்தைக் குறைக்க அறை வாடகை வரம்பு உள்ள பாலிசியை யாராவது காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரம்பு இருக்க, 8,000 ரூபாய் அறையில் படுத்தால் இழப்பு அந்த 3,000 மட்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் போன்றவற்றையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,60,000 என்றால் 1,00,000தான் வரும். மருந்துக்கும் ஸ்டென்ட் போன்ற பொருள்களுக்கும் இந்த வெட்டு கூடாது என்ற விதி இருக்கிறது. ஆனாலும் மிச்ச இடி உங்கள் தலையில்தான் விழும். கிளெய்ம் மேசையில் நான் கண்ட சண்டைகளில் பாதி இதனால் வந்தவை. கோ-பேயில் எவ்வளவு போகும் என்று முன்பே தெரியும். இதில் டிஸ்சார்ஜ் நாளில்தான் தெரியும்.

உங்கள் நால்வரின் பிரீமியம் இன்னும் குறைய வேண்டுமானால், அடிப்படைப் பாலிசியை 5 லட்சமாக்கி, அதற்கு மேல் ஒரு சூப்பர் டாப்-அப் எடுக்கலாம். 'டாப்-அப்' வேறு, 'சூப்பர் டாப்-அப்' வேறு, கேட்கும்போது கவனம். ஒரே ஆண்டில் இரண்டு முறை மருத்துவமனைக்குப் போய், ஒவ்வொரு முறையும் 4 லட்சம் செலவானால், 5 லட்சத்துக்கு மேல் தரும் டாப்-அப் ஒரு ரூபாய்கூடத் தராது, ஏனென்றால் எந்த பில்லும் தனியாக 5 லட்சத்தைத் தாண்டவில்லை. சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தம் 8 லட்சத்தைக் கணக்கில் எடுத்து 3 லட்சம் தரும். அதற்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும் என்பதால் எடுப்பதென்றால் இப்போதே எடுங்கள். அது கைக்கு வந்த பிறகே அடிப்படைத் தொகையைக் குறையுங்கள். ஒருமுறை குறைத்ததை மறுபடி ஏற்ற வேண்டுமானால் மருத்துவப் பரிசோதனையிலிருந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஸ்டென்ட் வைத்த மாமனாரின் காப்பீட்டுத் தொகையைக் குறைக்க வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

உங்கள் கடிதத்தின் பின்குறிப்பில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: கணவரின் தம்பி கோவையில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் 19,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறார் என்று. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் சிகிச்சை உண்டு, அவர்களின் மாத வருமானம் எல்லா வழியிலும் சேர்த்து 9,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால். கூட்டுறவு நூற்பாலையில் ஓய்வு பெற்ற உங்கள் மாமனாருக்கு 2,100 ரூபாய் பி.எஃப். பென்ஷன் மட்டும்தான் என்கிறீர்கள். அப்படியானால் தம்பியின் ஈ.எஸ்.ஐ. பதிவில் பெற்றோர் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று தொழிற்சாலை அலுவலகத்தில் இந்த வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள். பல தொழிலாளர்கள் மனைவி, பிள்ளைகளின் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். சிங்காநல்லூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைச் செலவைப் பாலிசி தருவதில்லை, ஈ.எஸ்.ஐ. தரும். ஆனால் பாலிசிக்குப் பதிலாக இதை நம்பிவிடாதீர்கள். தம்பியின் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் சில மாதங்களில் இந்த உரிமை நின்றுவிடும். பெரிய சிகிச்சைகளுக்கு அவர் எத்தனை காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உண்டு.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதால் உங்கள் ரேஷன் அட்டைக்கு அது பொருந்தாது. வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று எவராவது வந்தால், ஸ்டென்ட்டை மறைக்கச் சொன்ன ஏஜென்டுக்குச் சொல்லும் பதிலையே அவருக்கும் சொல்லுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அட்டை இல்லாவிட்டாலும் அதன் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. கூட்டத்தைப் பார்த்துப் பயந்து நாம்தான் போவதில்லை.

வருமான வரிக்கு 80டி பிரிவில் உங்கள் நால்வருக்கும் 25,000, மூத்த குடிமக்களான தன் பெற்றோருக்காக உங்கள் கணவர் கட்டுவதில் 50,000 வரை கழிவு உண்டு. பழைய வரி முறையில் கணக்குக் காட்டினால் மட்டும். ரொக்கமாகக் கட்டினால் கிடையாது.

நாள் கணக்கில் தவறிவிடாதீர்கள். பிப்ரவரி 18-க்குப் பிறகு 30 நாள் அவகாசம் இருக்கிறது என்று ஏஜென்ட் சொல்வார். பாலிசி காலாவதியாகாமல் இருக்க மட்டுமே அது உதவும். ஆண்டு பிரீமியம் கட்டுபவருக்கு அந்த இடைவெளி நாட்களில் நெஞ்சுவலி வந்தால் கிளெய்ம் கிடையாது. நிறுவனத்தோடு கடிதச் சண்டை நடந்துகொண்டிருந்தாலும், வேறு ஏற்பாடு முடியாவிட்டால் 84,600-ஐக் கட்டிவிட்டுச் சண்டையைத் தொடருங்கள். மொத்தமாகக் கட்டச் சிரமம் என்றால் மாதத் தவணை உண்டா என்று கேளுங்கள்.

உங்கள் மாமனாரிடம் நீங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. புதிய பாலிசி வந்ததும் அதை அவர் கையில் கொடுங்கள். இத்தனை நாள் உங்கள் கணவரின் பாலிசியில் நான்காவது வரியிலோ ஐந்தாவது வரியிலோ அவர் பெயர் இருந்திருக்கும். இதில் முதல் வரியில் அவர் பெயர், அதற்குக் கீழே மாமியார் பெயர்.